பத்திரம் பதிவானால் வீடு நம்முடையதா?

வீடு வாங்கக் கிளம்பிய முதல் வாரத்திலேயே ஒரு பேச்சு நம் காதில் விழுந்துவிடும். "எல்லாமே ரிஜிஸ்டர் ஆன டாக்குமென்ட் சார். கவர்மென்ட் முத்திரை இருக்கு. அப்புறம் என்ன பயம்?" புரோக்கர் சொல்வார், விற்பவர் சொல்வார், பத்து வருடத்துக்கு முன் வீடு வாங்கிய சொந்தக்காரரும் சொல்வார். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு ஏன் இத்தனை காகிதம் தேட வேண்டியிருக்கிறது, வக்கீல் ஏன் 30 வருடப் பத்திரங்களைக் கேட்கிறார், வங்கி ஏன் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது என்பதெல்லாம் அந்த ஓட்டை தெரிந்தால்தான் விளங்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது பத்திரம்தான். சொத்தின் உரிமை அங்கே பதிவாவதில்லை. நம் நாட்டில் நடப்பில் உள்ளது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை விற்பதாக ஒரு பத்திரம் இந்தத் தேதியில் வந்தது, எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்து தன் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டார், அதைப் புத்தகத்தில் ஏற்றினோம் என்று சொல்வதே அந்தச் சட்டத்தின் வேலை. விற்றவருக்கு அந்தச் சொத்தை விற்கும் உரிமை உண்மையில் இருந்ததா என்ற கேள்விக்கு அது பொறுப்பேற்பதில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றைச் செல்லாது என்று அறிவித்தபோது உச்ச நீதிமன்றம் இதையே திரும்பச் சொன்னது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல, அந்த அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்தப் பதிவுக்கு அரசே உத்தரவாதம். சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. அங்கே வீடு வாங்கிய நம் சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்து, "ஒரு சர்ச் போட்டுப் பார்த்தால் முடிந்ததே, இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்பது இதனால்தான். இந்தியாவிலும் அப்படி ஒரு முறையைக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்தன. பக்கத்து ஆந்திரத்தில் நில உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். 2024 தேர்தலில் அது பெரும் சர்ச்சையாகி, ஆட்சி மாறிய கையோடு நீக்கப்பட்டது. எனவே உரிமையை நிரூபிக்கும் சுமை இன்றைக்கும் வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது. அரசு உத்தரவாதம் தராத இடத்தில் நாமே தேடி உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீடு வாங்கும் வேலையில் பெரும்பாதி இந்தத் தேடல்தான்.

பழைய பத்திரங்களின் சங்கிலி

வக்கீல் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கிரயம், தானசெட்டில்மென்ட் (குடும்பத்தாருக்கு விலையின்றி எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), உயில் என்று ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலியில் ஒரு கண்ணி. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்குப் பின் வந்த பத்திரங்கள் எத்தனை பதிவாகியிருந்தாலும் பலமில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது என்பதே இதன் அடிப்படை.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒருவர் 1968-இல் 40 செண்ட் நிலத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறார். 1985-இல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மகள்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று, சீரும் செய்தாயிற்று என்று 1991-இல் மகன்கள் மூவரும் தங்களுக்குள் பாகப்பிரிவினை செய்து பதிவும் செய்துகொள்கிறார்கள். அம்மாவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அதில் ஒரு மகன் 1996-இல் 5 செண்ட்டை விற்கிறார். வாங்கியவர் வீடு கட்டி, 2010-இல் மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதுகிறார். இப்போது அந்த மனைவி உங்களுக்கு விற்கிறார். மூன்று பத்திரமும் பதிவானவை. பட்டாவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பார்த்தால் குறையே தெரியாது.

குறை 1991-இல் இருக்கிறது. அந்த நிலம் அப்பாவின் சுய சம்பாத்தியம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த நாளிலேயே மனைவி, மகன்கள், மகள்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு வந்துவிட்டது. இரண்டு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் கையெழுத்துப் போடாத பாகப்பிரிவினை அவர்களைக் கட்டுப்படுத்தாது. கூட்டு உரிமையாளர்கள் என்பதால் பல வருடம் கழித்துக்கூட அவர்கள் பங்கு கேட்டு நீதிமன்றம் போக இடம் இருக்கிறது.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பெண்களுக்குச் சொத்துரிமை 1989-இல் கலைஞர் ஆட்சியில்தானே வந்தது, அதற்கு முன் நடந்ததற்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பார்கள். 1989 திருத்தம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கை அது கொடுத்தது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த உரிமையைத் திருமணமான மகள்களுக்கும் விரித்தது. அதற்கு 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளைத் திருத்தம் தொடாது. ஆனால் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-இலிருந்தே உண்டு. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே தமிழ்நாட்டுக் குடும்பச் சொத்துகளில் உள்ள சிக்கலில் பாதியை அடையாளம் கண்டுவிடலாம்.

நாங்கள் வீடு தேடிய காலத்தில் மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டை இதற்காகத்தான் விட்டோம். வேப்பமரம், கிணறு, கிழக்குப் பார்த்த வாசல் எல்லாம் இருந்தது. விற்பவரின் அத்தை ஒருவர் வெளியூரில் இருந்தார். அவரிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக் கொடுங்கள், அடுத்த நாளே அட்வான்ஸ் தருகிறோம் என்றோம். "அத்தையெல்லாம் எதுவும் கேட்க மாட்டாங்க தம்பி, ரொம்ப நல்லவங்க" என்றார் அந்தப் பெரியவர். அத்தை நல்லவர் என்பதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. அத்தைக்குப் பிறகு வரும் அவர் பிள்ளைகளைப் பற்றி யார் உறுதி சொல்ல முடியும்? வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால், அதை விற்க நீதிமன்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று காட்டுவதும் காட்டாததும்

அடுத்தது ஈ.சி. என்று எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்று. ஒரு சர்வே எண்ணில் எந்தெந்தப் பத்திரங்கள் பதிவாயின என்ற பட்டியல் அது. 1975-க்குப் பிந்தைய விவரங்களைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையதற்கு விண்ணப்பித்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அடமானம், கிரயம், செட்டில்மென்ட் எல்லாம் அதில் வரிசையாக வரும். விற்பவர் காட்டாத பத்திரம் ஒன்று அங்கே தலைகாட்டினால் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் "ஈ.சி. கிளியர்" என்ற சொல்லில் மயங்கிவிடக் கூடாது. பதிவான பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் அதில் வராது. பதிவான உயில்கூட வராது, ஏனென்றால் உயில்களுக்குப் பதிவகத்தில் தனிப் புத்தகம். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் தெரியாமல் போகலாம். வழக்கில் இருக்கும் சொத்தை வாங்கினால், வழக்கு இருப்பது தெரியாமல் வாங்கியிருந்தாலும் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனவே விற்பவர் பெயரில் மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்கு உண்டா என்று இணையத்தில் தேடச் சொல்லுங்கள். வக்கீல் அதைச் செய்தாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயம் உண்டு. சொத்தில் இப்போது யார் குடியிருக்கிறார்களோ, அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்ல முடியாது. எனவே வீட்டில் இருப்பவர் வாடகைக்காரரா, ஒத்திக்கு இருப்பவரா, விற்பவரின் தம்பியா என்று நேரில் போய்ப் பேச வேண்டும். பகலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் இரண்டு வார்த்தையில் சில நேரம் வக்கீல் கருத்துரையில் இல்லாத சங்கதி இருக்கும்.

மூலப்பத்திரத்தை ஜெராக்ஸில் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் போட்டு அதோடு ஒப்பிடுங்கள். "அசல் தொலைந்துபோச்சு" என்று சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது எங்கோ அடமானத்தில் இருக்கும்.

பவர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் சார்பில் செயல்பட ஒருவர் எழுதிக் கொடுக்கும் பொது அதிகார ஆவணத்தை வாங்கிக்கொண்டு அதையே கிரயம் மாதிரி நினைத்துப் பணம் கொடுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அப்படிக் கைமாறியதால் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டு விற்கலாம், தப்பில்லை. பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும், பவர் ரத்தாகாமல் இருக்க வேண்டும். முடிந்தால் அவரோடு ஒரு போனாவது பேசிவிடுங்கள்.

பட்டாவின் இடம்

பட்டா வருவாய்த் துறையின் காகிதம். நிலத்துக்கு யார் வரி கட்டுவது என்று எழுதி வைத்த கணக்கிலிருந்து வளர்ந்தது அது. உரிமைக்கு நல்ல துணைச் சான்று. அது மட்டுமே உரிமையாகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. அப்போது அண்ணன் பெயரில் இருந்தது தம்பி பெயருக்குப் போனதும், சர்வே எண் மாறி விழுந்ததும் நிறையவே உண்டு. அந்தப் பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனு குவிகிறது. பத்திரத்தில் ஒரு பெயரும் பட்டாவில் ஒரு பெயருமாக இருந்தால், முதலில் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

பட்டாவோடு புல வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மனையை அளந்து பார்க்க வேண்டும். பத்திரத்தில் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு என்று இருக்கும். இடத்தில் அளந்தால் 2,280 வரும். நான்கெல்லையில் வடக்கே 20 அடிப் பாதை என்று எழுதியிருக்கும், நேரில் 14 அடிதான் இருக்கும். சர்வேயருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

நிலத்தின் பழைய வகைப்பாடு எல்லாவற்றையும்விட முக்கியம். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள். ஏரி, ஓடை, மேய்க்கால் என்று எந்தப் புறம்போக்காக இருந்தாலும் அதன் மேல் எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் உரிமை வராது. கோயில் நிலமும் வக்ஃப் நிலமும் அப்படித்தான், வாங்கியவர் கையில் எதுவும் மிஞ்சாது. நகர்ப்புறங்களில் 1978-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலங்களும் உண்டு. சட்டம் 1999-இல் ரத்தானது. ஆனால் அதற்குள் அரசு கையகப்படுத்தி முடித்த நிலம் அரசுடையதுதான். அதைத் தெரியாமல் வாங்கி வீடு கட்டியவர்கள் சென்னையின் புறநகரில் பல வருடம் அலைந்தார்கள்.

பஞ்சமி நிலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் பேரில், 1892-இல் ஆங்கிலேய அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கியது. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் பல இடங்களில் மற்றவர் கைக்குப் போய், மனை போட்டு விற்கப்பட்டும் இருக்கின்றன. இதை வாங்குபவரின் பணம் போகும் விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. யாருக்காக ஒதுக்கிய நிலமோ அவர்களிடமிருந்து பிடுங்கிய நிலத்தில் நாம் வீடு கட்டிக் குடிபோகக் கூடாது.

ஏரி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியும் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அதை எல்லோரும் பார்த்தோம். பட்டா நிலமாகவே இருந்தாலும் ஏரி உள்வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் வீடு பார்த்து கோடையிலேயே பதிவு செய்துவிட்டு, ஐப்பசியில் கூடத்தில் முழங்கால் தண்ணீரோடு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

மனையும் அடுக்ககமும்

மனையாக இருந்தால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அப்போதுதான் வெறும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேச்சுக்கு மதிப்பில்லை என்பது ஊர் முழுக்கத் தெரிந்தது. 2017-இல், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். விற்பவர் வரன்முறை செய்த உத்தரவைக் காட்டினால், மனைப்பிரிவு முழுவதுக்கும் ஆனதா, அந்தத் தனி மனைக்கும் கட்டணம் கட்டி முடித்ததா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

புதிய அடுக்ககத்துக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல பாதுகாப்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடு கட்டுகிறவர் அந்தச் சட்டத்தின் ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விற்கவே கூடாது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியவர்களின் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். ஒப்படைத்த பின் ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டணமில்லாமல் சரிசெய்து தர வேண்டும். விலையையும் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தும் பேச்சில் இன்னும், சுவரையும் பொது இடத்தின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் 'சூப்பர் பில்டப்' தான் ஓடுகிறது. 1,200 சதுர அடி என்று சொல்லும் வீட்டில் சுவர்களுக்குள் நாம் நடக்கும் இடம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுக்ககம் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத நிலப் பங்கு. ஒரு கிரவுண்டில் ஒரே அளவான நான்கு வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலம் வர வேண்டும். பத்திரத்தில் 420 என்று எழுதியிருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்க வேண்டும். கட்டடம் வருடா வருடம் தேயும். 35, 40 வருடம் கழித்து இடித்துக் கட்டும் நாள் வரும்போது நம் கையில் மதிப்போடு இருப்பது அந்த நிலப் பங்குதான். பழைய அடுக்ககங்களை மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த நாள் வந்தால் பங்கின் அளவு பெரிதாகப் பேசப்படும்.

பணக் கணக்கு

பழைய வீடு ஒன்றை 60 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் வங்கி தரலாம். அதன்படி 48 லட்சம் கிடைக்கும். 12 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். இதை வங்கி சொத்து மதிப்போடு சேர்க்காது. வக்கீல், பத்திர எழுத்தர், புரோக்கர் கமிஷன், வங்கியின் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தால் கையிலிருந்து 18 லட்சமாவது போகும். பலர் கடைசி வாரத்தில் நகையை வைப்பது இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாததால்தான்.

இந்தத் தீர்வையை அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல்தான் கணக்கிடுவார்கள். 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது, கட்டணம் 2 விழுக்காடாக இறங்கியது. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகையும் உண்டு. கட்டி முடிக்காத அடுக்கக வீட்டுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, மலிவு விலை வீடு என்றால் 1 விழுக்காடு. பணி நிறைவுச் சான்று வாங்கிய பின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

"கொஞ்சம் பிளாக்ல கொடுத்துடுங்க" என்று யாராவது கேட்டால் அதை ஒதுக்கிவிடுவதே நமக்கு நல்லது. சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அவருக்கு அபராதமாகப் போகலாம். நமக்கும் நஷ்டம்தான். பின்னால் நாம் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், வரி கூடும். பேரம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததைக் கேட்கக் கையில் சீட்டு எதுவும் இருக்காது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 விழுக்காட்டை டி.டி.எஸ். என்ற வருமான வரியாகப் பிடித்து நாம்தான் கட்ட வேண்டும். நம் மாதிரிக் கணக்கில் 60,000 ரூபாய். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விழுக்காடு அதிகம், நடைமுறையும் வேறு.

அந்த 48 லட்சத்தை 8.5 விழுக்காட்டில் 20 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 41,650 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 34,000 வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடம் தவறாமல் கட்டி 25 லட்சம் கொடுத்த பிறகும் அசலில் குறைந்திருப்பது 5 லட்சத்து 70 ஆயிரம் அளவில்தான் இருக்கும். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. முதல் சில வருடங்களில் போனஸ், சீட்டுப் பணம் என்று கைக்கு வருவதை அசலில் போட்டால் பின்னால் எவ்வளவு குறையும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்காகத் தனி நபர்களிடம் அபராதம் வாங்க முடியாது.

வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார், இனி நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அவர் வங்கிக்கு வேலை செய்கிறார். வங்கிக்குச் சொத்து போனாலும் உங்கள் சம்பளம் இருக்கிறது. உங்களுக்கு அந்த ஒரு வீடுதான். தனியாக ஒரு வக்கீலை, அந்த ஊர்ச் சொத்து வழக்குகளில் பழக்கமுள்ளவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸிலிருந்து சாவி வரை

இத்தனையும் பார்ப்பதற்கு முன்பே விற்பவர் அட்வான்ஸ் கேட்பார். "இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று அவசரப்படுத்துவார். டோக்கனாகச் சிறிய தொகையைக் காசோலையில் கொடுத்து, பத்திரங்களில் குறை இருந்தால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, நகல்களை வக்கீலிடம் கொடுப்பதே நல்ல வழி. பெரிய தொகை கைமாறும் முன் கிரய ஒப்பந்தம் போட வேண்டும். அதையும் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாடு 2012-இலேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். விற்பவர் அதே சொத்தை இன்னொருவருக்குப் பேசப் போனால் அது காட்டிக் கொடுத்துவிடும். விலை, கொடுத்தது, மீதி, கடைசித் தேதி, பேரம் முறிந்தால் என்ன, வீட்டைக் காலி செய்து தரும் நாள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

பதிவு நாள் பெரும்பாலும் அரைநாள் வேலை. இணையத்தில் டோக்கன் எடுத்து, கட்டணத்தைக் கட்டி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் போய் உட்கார வேண்டும். கூப்பிட்டதும் போட்டோ, கைரேகை, கையெழுத்து. முந்தின நாளே பத்திரத்தின் வரைவை வீட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, அப்பா பெயர், ஆதாரில் உள்ள எழுத்து என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒரு எண் மாறினால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவரை மறுபடி அழைத்து வர வேண்டும், அவர் அப்போது எங்கே இருப்பாரோ தெரியாது. பதிவு நாள் காலையில் வில்லங்கச் சான்றை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். நாம் பார்த்ததற்கும் பதிவுக்கும் இடையே ஒரு மாதம் ஓடியிருக்கும்.

பத்திரம் கைக்கு வந்ததும் பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு நான்கையும் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். உட்பிரிவு தேவையில்லாத முழு மனைக்குப் பட்டா பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதைத் துரத்திப் பிடிக்கும் வேலை நம்முடையது. கடனில் வாங்கியிருந்தால் அசல் பத்திரங்கள் வங்கிக்குப் போய்விடும். கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் வரிசை எண்ணோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். கடன் முடிந்து 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. அப்போது எந்தெந்தப் பத்திரம் கொடுத்தோம் என்பதற்கு அந்த ஒப்புகைதான் சாட்சி.

பால் காய்ச்சிக் குடிபோன களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு ஒருநாள் இணையத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். விற்றவர், அவருக்கு விற்றவர், அதற்கும் முன்னே இருந்தவர் என்று நீங்கள் இத்தனை மாதம் தேடி அலைந்த பெயர்களுக்கெல்லாம் கீழே, கடைசி வரியில் உங்கள் பெயர் இருக்கும். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.